குரோபாட்கின் பிரபு

அராஜகம் என்றவுடன் கொள்ளையும் கொலையுமே நம்மவர் மனத்தில் தோன்றுகின்றன. தண்டிப்போன் இல்லாவிடில் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்று நமது நீதி சாஸ்திரங்களும் மச்ச நியாயம் பேசுகின்றன. அந்த நியாயத்தை மறுத்தவர் ருஷியாவின் பழைய அரச வம்சத்தில் பிறந்து, சக்கரவர்த்தியின் அரண்மனையில் ஊழியம் புரிந்தவர் என்பது விந்தையே.

பீட்டர் குரோபாட்கின் 1842-ஆம் வருஷம் மாஸ்கோவில் பிறந்தார். தகப்பனாரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்ணையடிமைகள் இருந்தனர். 1862-இல் ராணுவக் கல்வி முடிந்தபோது மைந்தர் விரும்பிக் கேட்ட இடம் சைபீரியா! அங்கே சிறைச்சாலைகளைச் சீர்திருத்த அவர் வகுத்த திட்டங்கள் சர்க்கார் காகிதங்களோடு காகிதமாயின. ஆனால் அதிகாரியின் ஆக்ஞையால் ஆகாத காரியங்களைக் குடியானவர்கள் தாமே கூடி முடிப்பதைக் கண்டார். கொடும் பனியில் பிராணிகளும் ஒன்றையொன்று அண்டிப் பிழைப்பதைக் கண்டார். 1902-இல் வெளிவந்த ‘பரஸ்பர உதவி’ என்னும் நூலுக்கு வித்து அங்கேதான் விழுந்தது. கூடி வாழ்தல் உயிர்களின் சுபாவமாயின், தண்டாயுதம் ஏந்தி நிற்கும் ராஜாங்கத்துக்குத் தர்மத்தில் ஆதாரம் ஏது என்பதே அவர் கேள்வி.

1871-இல் பூகோள சங்கத்தின் காரியதரிசிப் பதவி அவரை நாடி வந்தது. குடியானவன் பசித்திருக்கத் தாம் விஞ்ஞான இன்பம் நுகர்தல் தகாதென்று அதை மறுத்தார். 1874-இல் சிறைப்பட்டு, இரண்டு வருஷத்துக்குப் பின் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து பட்டப்பகலில் தப்பியோடினார். பிரான்ஸிலும் சிறை, பின்னர் இங்கிலாந்தில் முப்பது வருஷ வாசம்.

1914-இல் மகா யுத்தம் மூண்டதும் நேச நாடுகளின் கட்சியை ஆதரித்தார். பழைய தோழர் பலர் வெறுத்து விலகினர். அவர்கள் வெறுத்தது நியாயமென்றே நமக்குத் தோன்றுகிறது. ராஜாங்கங்களை நம்பாதவர் அவற்றின் யுத்தத்தை மட்டும் எங்ஙனம் நம்பினார்?

1917-இல் தாய்நாடு திரும்பியவருக்குக் கெரென்ஸ்கி மந்திரி பதவி அளிக்க முன்வந்தார், அதையும் ஏற்கவில்லை. போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைக்கொண்ட பின், திமித்ரோவ் என்னும் சிற்றூரில் குளிருக்கும் பஞ்சத்துக்குமிடையே வாழ்ந்தார். எதிரிகளைப் பிணையாகப் பிடித்து வைத்து உயிருக்கு உலைவைக்கும் முறையைக் கண்டித்து 1920-இல் லெனினுக்கே எழுதினார். ஜாரிடம் எது அதர்மமோ அது புரட்சிக்காரரிடமும் அதர்மமே என்பதில் கிழவர் பின்வாங்கவில்லை.

1921 பிப்ரவரியில் உயிர் நீத்தார். சர்க்கார் நடத்தும் ஈமச் சடங்கைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. மாஸ்கோவில் பல்லாயிரம் பேர் பின்தொடர ஊர்வலம் சென்றது. சிறையிலிருந்த அராஜகர் சிலரை, திரும்பி வருவதாக அளித்த வாக்கின்பேரில், அன்று ஒரு நாள் வெளியே விட்டிருந்தனர். பிரேதத்தை அடக்கம் செய்தபின் அவர்கள் சிறைக்குத் திரும்பிச் சென்றனர்.