செம்பைக் காத்தார், கப்பலைக் கோட்டை விட்டார்!

ஹம்ப்ரி டேவி என்றதும் நமக்கெல்லாம் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 1815-ல் அவர் செய்த பாதுகாப்பு விளக்குதான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்லப்போவது அவர் தோற்றுப்போன கதை.

இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதி செம்புச் சுரங்கங்களுக்குப் பேர்போனது. அங்கே பென்சான்ஸ் என்ற ஊரில் 1778-ல் டேவி பிறந்தார். அப்பா மரச்சிற்ப வேலை செய்பவர். 1794-ல் அவர் இறந்துபோக, ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான டேவி மறுவருடமே ஒரு வைத்தியரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் படித்தவரல்ல, ரசாயனத்தைத் தானாகவே படித்துக்கொண்டார். 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை. 1807-ல் பேட்டரி மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1820-ல் ராயல் சொசைட்டிக்கே தலைவர்!

அந்தக் காலத்தில் மரக்கப்பல்களின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடிப்பார்கள். உப்புத்தண்ணீர் அந்தத் தகட்டை அரித்துவிடும். இதற்கு வழி கேட்டது பிரிட்டிஷ் கடற்படை. 1824-ல் டேவி சொன்ன வழி ரொம்ப சிம்பிள்: செம்போடு ஒரு துண்டு துத்தநாகமோ இரும்போ சேர்த்துவிடு, அது கரையும், செம்பு தப்பிக்கும். சோதனையில் அப்படியே நடந்தது.

ஆனால் கப்பல் கடலுக்குப் போனதும் வந்தது வினை! அடிப்பாகம் முழுக்கப் பாசியும் கடல் உயிரிகளும் ஒட்டிக்கொண்டு, கப்பலின் வேகம் குறைந்தது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததால்தான் அதன் விஷத்துக்குப் பயந்து அவை அண்டாமல் இருந்தன. கரைவதை டேவி நிறுத்தினார்; காவலும் நின்றது. கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றிவிட்டது. கேலிக்கு ஆளான டேவி, 1829-ல் ஜெனீவாவில் தமது ஐம்பதாவது வயதில் காலமானார்.

ஆனால் தத்துவம் தோற்கவில்லை. இன்று இரும்புக் கப்பல்களில் பொருத்தும் துத்தநாகக் கட்டி, வாட்டர் ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி, பூமிக்கடியில் போகும் குழாய்களுக்கான பாதுகாப்பு எல்லாம் டேவி காட்டிய வழிதான்.

லேபில் ரீடிங் சரியாக வந்தால் வேலை முடிந்தது என்று நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாளை சைட்டில் நிற்கப்போகிறவர்கள் நாம். ஒரு குறையைச் சரிசெய்யுமுன், அந்தக் குறையால் ஏதாவது நன்மை நடக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். அதையும் மீறித் தோற்றால்? கவலை வேண்டாம், டேவியும் தோற்றவர்தான்!