மலை மேல் நீலப் புகை!

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் "ஸ்மோக்கி மலை" இருக்கிறது. "புகை மலை" என்று அர்த்தம். கோடையில் அதன் மேல் நீல நிறத்தில் புகை தவழும்.

காட்டில் நெருப்பு இல்லை. பின் ஏது புகை?

விடை சொன்னவர் பிரிட்ஸ் வென்ட். செடி கொடிகளை ஆராய்ந்த விஞ்ஞானி!

1903-ல் ஹாலந்து நாட்டில் உட்ரெக்ட் நகரில் பிறந்தார். தந்தையும் தாவர இயல் பேராசிரியர். 1926-ல், பட்டாளத்தில் கட்டாய சேவை செய்துகொண்டே, இரவில் கண் விழித்து ஆராய்ந்தார். ஓட்ஸ் பயிரின் குருத்தில் வளர்ச்சியைத் தூண்டும் சத்து இருப்பதை நிரூபித்தார். புகழ் பரவியது.

1933-ல் கலிபோர்னியாவுக்குக் குடியேறினார். 1949-ல் அங்கே ஒரு அதிசய ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். அதற்குள் சூடு, குளிர், வெளிச்சம் எல்லாம் இஷ்டம்போல் மாற்றலாம். இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் தக்காளி நன்றாகக் காய்க்கும் என்று காட்டியவர் அவர்தான்.

ஆனால் ஒரு தொல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துப் புகைமூட்டம் இலைகளைக் கெடுத்தது. காற்றைக் கரியில் வடிகட்டித்தான் உள்ளே விட்டார்கள். அதே கல்லூரியில் இருந்த ஹாகன்-ஸ்மிட்டும் உட்ரெக்ட் நகரத்தவரே. பெட்ரோல் ஆவியும் கார்ப் புகையும் வெயிலில் மாறி அந்த மூட்டம் உண்டாகிறது என்று அவர் கண்டுபிடித்தார்.

வென்ட் யோசித்தார். பைன் மரத்தின் வாசனையும் ஆவிதானே!

பைன் இலைகளை நசுக்கி, ஓசோன் வாயு படும்படி வைத்தார். நீலப் புகை எழுந்தது! மரத்தின் ஆவி ஓசோனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக மாறுகிறது. அதில் வெளிச்சம் பட்டுச் சிதறும்போது நீலமாகத் தெரிகிறது. 1960-ல் இதை வெளியிட்டார். உலகத்துச் செடிகள் ஆண்டுக்கு 17½ கோடி டன் ஆவி விடுவதாகக் கணக்குப் போட்டார். உண்மை அதைப்போல் பல மடங்கு என்பது பின்னால் தெரிந்தது. ஸ்மோக்கி மலையின் மூட்டத்தில் ஆலைப் புகையும் கலந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

சூடு செய்யும் வேலை

வெயில் ஏறினால் மரங்கள் அதிக ஆவி விடும். அந்த ஆவி பிராணவாயுவோடு வேகமாகச் சேரும். ஆனால் அதே சூடு, மாறிய பொருள் துகளாக ஒட்டுவதைத் தடுக்கும். குளிரில் நேர்மாறு! மாற்றம் மெதுவாக நடக்கும். ஆனால் கொஞ்சம் மாறினாலே ஒட்டிக்கொள்ளும். சூட்டில் உருகி ஓடும் நெய், குளிரில் உறைவதில்லையா? அதுபோலத்தான்.

இது வேடிக்கைக்காகச் செய்யும் ஆராய்ச்சி அல்ல. இந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டுதான் மேகத்தின் நீர்த்துளிகள் பல உண்டாகின்றன. கடும் வெயில் நாளில் மர ஆவியும் நகரத்துக் கார்ப் புகையும் கலந்தால், மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் பெருகும். பூமி சூடேறி வரும் இக்காலத்தில் விஞ்ஞானிகள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வென்ட் 1965-ல் நெவாடா பாலைவன ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1990-ல், 86-வது வயதில், நெவாடாவிலேயே காலமானார்.