அம்மைத் தடுப்பூசிக்குக் கோட்டையின் கதவைத் திறந்த கௌரி லட்சுமி பாய்

திருவனந்தபுரம்: பேருந்துகளும் சாலைக் கடைவீதியின் இரைச்சலும் நிறைந்த கிழக்கேகோட்டையைக் கடந்து பத்மநாப சுவாமி கோயிலுக்குச் செல்வோர் நாள்தோறும் பல்லாயிரம். இந்தக் கோட்டைக்குள் இருந்த அரண்மனையிலிருந்துதான் 200 ஆண்டுகளுக்கு முன்னர் திருவிதாங்கூரின் முதல் அம்மைத் தடுப்பூசி முயற்சி தொடங்கியது. அதற்குத் துணிந்தவர் ராணி கௌரி லட்சுமி பாய். அப்போது அவருக்கு வயது 22.

1791-ஆம் ஆண்டு பிறந்த லட்சுமி பாய், மன்னர் பாலராம வர்மா 1810-ஆம் ஆண்டு மறைந்ததைத் தொடர்ந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. கருவூலத்தில் பணம் இல்லை; அரியணைக்கு ஆண் வாரிசும் இல்லை. 1811-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் ஜான் மன்றோவையே திவானாகவும் அவர் நியமித்தார். நீதிமன்றங்கள் சீரமைக்கப்பட்டன. 1812-ஆம் ஆண்டு அடிமைகளை வாங்கவும் விற்கவும் தடை விதித்து அரச ஆணை வெளியானது. ஆயினும், நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளுக்கு அந்த ஆணை விடுதலை தரவில்லை.

1813 ஏப்ரலில் சுவாதித் திருநாள் பிறந்தார். நாடே எதிர்பார்த்திருந்த அந்தக் குழந்தைக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய தாலாட்டு இன்றும் கேரளத்து வீடுகளில் பாடப்படுகிறது. அன்று முதல் மகனின் சார்பில் ஆளும் ரீஜென்ட் ஆனார் ராணி. அதே ஆண்டில்தான் பெரியம்மைத் தடுப்பூசியும் திருவிதாங்கூரில் அறிமுகமானது.

தீவிரமான பெரியம்மை, தாக்கிய 10 பேரில் ஏறத்தாழ 3 பேரின் உயிரைப் பறித்தது. பிழைத்தவர்களில் பலர் பார்வையை இழந்தனர். தமிழில் அம்மை என்றும் மலையாளத்தில் வசூரி என்றும் வழங்கிய இந்நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கருதி வழிபட்ட மக்களுக்கு, அதை ஊசியால் தடுப்பது தெய்வக் குற்றமாகத் தோன்றியது.

தடுப்பூசி செலுத்தப்பட்ட முறையும் அச்சத்தைப் பெருக்கியது. குளிர்பதனம் இல்லாத அக்காலத்தில் மருந்தை உயிர்ப்புடன் எடுத்துச் செல்ல மனித உடலே கலமாகப் பயன்பட்டது. ஒருவர் கையில் எழும் கொப்புளத்தின் நீரைச் சுமார் 8 நாட்களில் எடுத்து அடுத்தவர் கையில் கீறிச் செலுத்துவார்கள். 1802 ஜூன் மாதம் பம்பாய் வந்து சேர்ந்த மருந்து, அன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுச் சிறுமிக்குச் செலுத்தப்பட்டு, அங்கிருந்து கைக்குக் கை மாறி இந்தியா முழுவதும் பரவியது. யாருடைய உடலில் ஊறிய நீர் யாருடைய உடலுக்குள் செல்வது என்ற கேள்வி, சாதித் தீட்டு கடுமையாக நிலவிய திருவிதாங்கூரில் எளிதானதாக இல்லை.

ஆணை பிறப்பித்தால் மட்டும் இந்தத் தயக்கம் தீராது என்பதை அரண்மனை உணர்ந்திருந்தது. எனவே அரச குடும்பத்தினர் முதலில் தடுப்பூசி செலுத்திக்கொண்டனர். பின்னர் அது பொதுமக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தமிழ்ப் பகுதிகளும் அன்று இந்த ஆட்சியின் கீழ்தான் இருந்தன.

பசு அம்மை கண்ட பால்காரப் பெண்களைப் பெரியம்மை தாக்குவதில்லை என்ற நாட்டுப்புற அனுபவத்தை எட்வர்ட் ஜென்னர் 1796-ஆம் ஆண்டு சோதித்து அறிந்ததன் பயனே இத்தடுப்பூசி. யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை, ஏன் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் தொற்றுநோயியலின் அடிப்படை. லண்டனில் ஜான் ஸ்னோ காலராவுக்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பை 1854-ஆம் ஆண்டு தெருத்தெருவாக ஆராய்ந்து காட்டுவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, அந்த அணுகுமுறையின் முதல் பயன் திருவிதாங்கூரை எட்டியிருந்தது.

பலனைப் பார்க்க லட்சுமி பாய் நெடுநாள் வாழவில்லை. 1815-ஆம் ஆண்டு, தமது 24-ஆவது வயதில் அவர் காலமானார். அவருடைய தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரை ஆட்சியை நடத்தினார். நோயின் அளவை அறிய முதலில் மக்கள்தொகை தெரிய வேண்டும். 1816-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, திருவிதாங்கூரில் சுமார் 9 லட்சம் பேர் வாழ்ந்ததைப் பதிவு செய்தது.

ராணியின் இளைய மகன் உத்திரம் திருநாள், மேலை மருத்துவத்தில் ஆர்வம் கொண்டு, உடற்கூறு கற்பதற்காக மனித எலும்புக்கூட்டைத் தந்தத்தில் செதுக்கச் செய்தார். 1879-ஆம் ஆண்டு ஆயில்யம் திருநாள் ஆட்சியில், அரசு ஊழியர்கள், மாணவர்கள், கைதிகளுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. முன்மாதிரியால் தொடங்கிய முயற்சி சட்டமாக மாற 66 ஆண்டுகள் ஆயின.

இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதம் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று, உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டுவிட்டதாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. கோட்டைக்குள் முதல் கை நீட்டப்பட்டு அப்போது 167 ஆண்டுகள் ஆகியிருந்தன.