தொழிலாளர் தோழர் சிங்காரவேலர்

தாம்பரம் புகைவண்டி நிலையத்தின் வழியாக நாள்தோறும் கல்லூரிக்கு வந்து செல்லும் நாம், அகில இந்திய வேலை நிறுத்தம் ஒன்று நெருங்குங் காலங்களில், அந்நிலையத்து வாயிலில் தொழிற்சங்கத்தார் நின்று துண்டுப் பிரசுரங்கள் வழங்கக் காண்கின்றோம். நம்முட் பலர் அத்தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, அன்று வண்டி ஓடுமா, தேர்வு நடைபெறுமா என்னும் இரண்டு வினாக்களோடு அமைந்துவிடுகின்றோம். அத்தாளின் பின்னே நீண்டதொரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் தொடக்கத்தில் நிற்கும் பெரியோர்களுள் ஒருவர் நம் கல்லூரியிற் பயின்றவர். இத்தாம்பரத்தின் ஊடே செல்லும் இருப்புப்பாதையில் உழைத்த மக்களின் பொருட்டுத் தம் அறுபத்தெட்டாம் பிராயத்திற் சிறை புகுந்தவர். அவரே ம. சிங்காரவேலர். அன்னாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

சிங்காரவேலர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் நாள், சென்னைக் கடற்கரையை அடுத்த அயோத்திக்குப்பத்தில், வெங்கடாசலம் செட்டியார்க்கும் வள்ளியம்மையார்க்கும் மகவாகத் தோன்றினார். அவர் பிறந்த குலம் கடலை நம்பி வாழும் பரதவர் குலம். கட்டுமரமும் வலையும் கொண்டு உயிரைப் பணயம் வைத்து உழைப்போர் மாலையில் எவ்வளவு கொண்டு திரும்புவர் என்பதை அவர் இளமையிலேயே கண்டறிந்தார். 1881-ல் மெட்ரிகுலேஷன் தேறிய பின்னர் நம் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து, 1884-ல் எப்.ஏ. பரீட்சையிற் தேர்ச்சியடைந்தார். அக்காலத்தே நம் கல்லூரி, மில்லர் பெருந்தகையின் தலைமையில், ஜார்ஜ் டவுனில் எஸ்பிளனேடின் மீது அமைந்திருந்தது. தாம்பரத்துக்கு அது வந்தது 1937-ல் தான். பிறகு மாநிலக் கல்லூரியிற் பி.ஏ. பட்டமும், 1907-ல் சட்டப் பட்டமும் பெற்று, சென்னை உயர்நீதி மன்றத்தில் வழக்கறிஞரானார். இடையே அரிசி வாணிகமும் செய்தார். 1902-ல் இங்கிலாந்து தேசமும் சென்று வந்தார்.

கற்றலில் அவர்க்கிருந்த வேட்கை அளவிடற்கரியது. பௌத்த சமய ஆராய்ச்சியில் ஈடுபட்டு, மகாபோதி சங்கத்தின் கூட்டங்களைத் தம் இல்லத்தில் நடத்தினார். டார்வின், மார்க்ஸ் முதலியோர் நூல்களை வரவழைத்துக் கற்றார். அவர் வீட்டிலிருந்த நூல்நிலையம் சென்னையிலுள்ள தனியார் நூல்நிலையங்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்டது. சமய விஷயங்களில் அவர் கொண்ட கருத்துக்கள் நம்மிற் பலர்க்கு உடன்பாடாகா. ஆயினும், ஒருவர் கொள்கையோடு மாறுபடுவோரும் அவர்தம் தியாகத்தைப் போற்றுதல் கல்வியின் பயனென்பது நம் துணிபு.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவராகவும், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவர்களுள் ஒருவராகவும் அமர்ந்து, பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளரை ஒன்று திரட்டினர். அக்காலத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு யாதுமில்லை. வேலை நிறுத்தம் செய்யத் தூண்டினாரென்று ஆலை முதலாளிமார் வாடியாவின் மீது வழக்குத் தொடர்ந்து, உயர்நீதி மன்றத்தில் தடையுத்தரவும் பெற்றனர். அவ்வழக்கே பின்னர் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறத்தற்கு ஒரு காரணமாயிற்று. இத்தகைய காலத்திலேதான் சிங்காரவேலர் தொழிலாளர் பக்கல் வந்து நின்றார். 1919-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் ரௌலட் சட்டத்தைக் கண்டித்து நாடெங்கும் கடையடைப்பு நிகழ்ந்தது. ஒரு முதலாளியை எதிர்த்தன்றி, அரசாங்கத்தின் சட்டமொன்றை எதிர்த்து நாடு முழுதும் ஒரே நாளில் வேலையை விடக்கூடுமென்பதை ஜனங்கள் அன்று கண்டனர். அடுத்த ஆண்டு அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பம்பாயில் தோன்றியது.

1921-ல் சிங்காரவேலர் ஒத்துழையாமை இயக்கத்திற் சேர்ந்து, தம் வழக்கறிஞர் அங்கியைப் பலரறியத் தீக்கிரையாக்கினார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் வருவாய் மிக்க தொழிலை ஒரே நாளிற் துறந்தாரென்றால், அவரது மன உறுதியை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டிலேயே பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளிற் பெரியதொரு வேலை நிறுத்தம் மூண்டு, மாதக்கணக்கில் நீடித்தது. அதன் முடிவு துயரமானது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குச் சென்றனர். ஏனையோர் வெளியே நின்றனர். புளியந்தோப்பிற் கலகம் நேர்ந்தது, குடிசைகள் எரிந்தன, போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், உயிர்கள் மாண்டன. வேலைக்குச் சென்றோரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. ஒரு வாரக் கூலி நின்றால் உலையேற்ற வழியற்றோர் அவர். அன்றியும், அண்டை வீட்டாராலேயே நெடுங்காலம் தாழ்த்தி வைக்கப்பட்டவர். சாதியாற் பிரிந்து கிடப்போரைத் திடீரென ஓர் ஆலை வாயிலில் ஒன்று கூட்டுதல் அரிது என்னும் பாடத்தை அவ்வாண்டு கற்பித்தது.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு எழுந்தருளினார். அவரது வருகையைப் பகிஷ்கரிக்கும் கடையடைப்பை அமைத்தவர்களுள் சிங்காரவேலரும் ஒருவர். கடைகள் மூடப்பட்டன. ஆயினும் அன்று நகரிற் கலகமும் விளைந்தது. காந்தியடிகள் அதனைக் கண்டித்தார். ஒரு நகரத்தை நிற்கச் செய்தல் கூடும். நிற்கச் செய்த கூட்டத்தை நெறியில் நிறுத்துதலே அரிது என்பது அந்நாள் தந்த இரண்டாம் பாடம். அவ்வாண்டு டிசம்பர் மாதம் சித்தரஞ்சன தாசர் தலைமையில் நிகழ்ந்த கயா காங்கிரஸில் சிங்காரவேலர், தொழிலாளரையும் உழவரையும் சேர்த்துக்கொள்ளாத சுயராஜ்யப் போர் வெற்றி பெறாதென வற்புறுத்தினார். தொழிலாளரை அமைத்தற்பொருட்டு அங்கே நியமிக்கப்பட்ட குழுவில் அவரும் ஓர் அங்கத்தினரானார்.

1923-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அவர் வாழ்விற் சிறந்த நாளாகும். இந்தியாவில் முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியவர் அவரே. உயர்நீதி மன்றத்துக்கெதிரே கடற்கரையில் ஒரு கூட்டமும், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டமும் நடைபெற்றன. முதற் கூட்டம் நிகழ்ந்த இடம், அவர் மாணவராய்த் திரிந்த பழைய கல்லூரிக் கட்டிடத்துக்கு அண்மையிலுள்ளது. தொழிலாளரும் விவசாயிகளும் சேர்ந்த ஒரு கட்சியை அன்று அவர் தோற்றுவித்தார். ‘தொழிலாளன்’ என்னும் தமிழ் வாரப் பத்திரிகையையும் நடத்தினார். ஆங்கிலங் கற்றோர் ஆங்கிலத்திலேயே தொழிலாளரைப் பற்றிப் பேசி மகிழ்ந்த நாளில், தொழிலாளரோடு தமிழிற் பேச வேண்டுமென்று அவர் எண்ணியது கருதற்பாலது.

அரசாங்கத்தார் வாளாவிருந்திலர். 1924-ல் கான்பூர் சதி வழக்கில் அவரையும் குற்றஞ்சாட்டிச் சென்னையிற் கைது செய்தனர். உடல்நலக் குறைவால் ஜாமீனில் விடப்பட்ட அவர்மீது வழக்குப் பின்னர் நடைபெறவில்லை. 1925 டிசம்பரில் அதே கான்பூரிற் கூடிய முதலாவது இந்தியக் கம்யூனிஸ்டு மகாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். சென்னை நகரசபை அங்கத்தினராகவும் இருந்து ஏழை மக்களுக்காக உழைத்தார்.

இனி, அவர் சிறை புகுந்த வரலாற்றைக் கூறுவோம். அந்நாட்களிற் செலவைச் சுருக்குதல் என்னும் பெயரால் இரயில்வேத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புச் செய்தல் இந்தியாவெங்கும் கொள்கையாயிருந்தது. 1927-ல் வங்காள நாகபுரி இரயில்வேயின் கரக்பூர்த் தொழிலாளர் இதனை எதிர்த்து எழுந்தனர். 1928-ல் கல்கத்தாவுக்கு அருகேயுள்ள லில்லுவாத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலையை விட்டு நின்று, அவ்வாண்டின் நடுவில் ஓய்ந்தனர். அதன்பின் தென்னாட்டின் முறை வந்தது. தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியார் நாகப்பட்டினத்திலிருந்த தொழிற்சாலையைத் திருச்சியையடுத்த பொன்மலைக்கு மாற்றியதோடு, தொழிலாளர்க்குத் திறமைப் பரீட்சை ஒன்றை வைத்து, ஆயிரக்கணக்கானோரை நீக்க முற்பட்டனர். இருபதாண்டு சம்மட்டி பிடித்த கைக்கு இப்பொழுது பரீட்சையா என்று தொழிலாளர் கொதித்தனர். வேலை போகுமாயின் குடியிருப்பும் போம். குழந்தைகளின் படிப்பும் நின்றுபோம்.

1928 ஜூலை மாதம் 19-ஆம் நாள் நள்ளிரவு முதல் வேலை நிறுத்தம் தொடங்கியது. சென்னை எழும்பூரிலிருந்து தாம்பரம், செங்கற்பட்டு, விழுப்புரம் வழியாகத் தெற்கே தூத்துக்குடி வரையிற் செல்லும் அந்நெடும் பாதையின்மீது போக்குவரத்துத் தடுமாறியது. தொழிலாளர் சில இடங்களில் இருப்புப்பாதையிற் படுத்து வண்டிகளை மறித்தனர். போலீசார் அடக்குமுறையை மேற்கொண்டனர். சிங்காரவேலர் வீட்டிலிருந்து ஆசி கூறியதோடு நில்லாமல், வங்காளத்திலிருந்து வந்த முகுந்தலால் சர்க்காருடன் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். இருவரும் கைது செய்யப்பட்டனர். தலைவர்களை இழந்து, பணமுமின்றி, பிற இரயில்வேக்களின் ஆதரவுமின்றித் தனித்து நின்ற தொழிலாளர் ஜூலை முடிவதற்குள் பணிந்தனர். சதி வழக்கில் சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல் விண்ணப்பத்தில் அது குறைக்கப்பட, 1930-ல் அவர் விடுதலையடைந்தார்.

இத்தோல்வியிலிருந்து அறியத்தக்கது யாது? கரக்பூர் எழுந்தபோது பொன்மலை உறங்கியது. லில்லுவா ஓய்ந்தபோது நாகப்பட்டினம் எழுந்தது. ஆட்குறைப்புக் கொள்கையோ நாடெங்கும் ஒன்று. எதிர்ப்பு மட்டும் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் வெவ்வேறாயிருந்தது. நாடு தழுவிய கொள்கைக்கு நாடு தழுவிய மறுமொழியே தகும் என்பது அத்தொழிலாளர் பட்ட பாட்டால் விளங்கிற்று. அரசாங்கத்தார்க்கும் அது விளங்காமலில்லை. சிங்காரவேலர் சிறையிலிருந்த 1929-ஆம் ஆண்டிலேயே தொழிற்றகராறுச் சட்டம் நிறைவேறியது. தம் தொழிலைச் சார்ந்த தகராற்றுக்குப் புறம்பான நோக்கங்கொண்டு, பொதுமக்களுக்குக் கடுந்துன்பம் விளைத்து அரசாங்கத்தை வற்புறுத்தும் வேலை நிறுத்தங்களை அச்சட்டம் விரோதமாக்கியது. அம்மசோதாவின் பொருட்டு எழுந்த கொந்தளிப்பினிடையேதான் பகத்சிங்கும் அவர் தோழரும் ஏப்ரல் 8-ஆம் நாள் டெல்லிச் சட்டசபையிற் குண்டெறிந்தனர். 1947-ல் வேறொரு சட்டம் வந்து அச்சட்டத்தை அகற்றியது.

சிறையினின்று மீண்ட சிங்காரவேலர் ஓய்ந்திருந்தாரல்லர். ஈ. வெ. ராமசாமிப் பெரியாரோடு சேர்ந்து, ‘குடி அரசு’ பத்திரிகையில் விஞ்ஞானமும் பொருளாதாரமும் எளிய தமிழில் எழுதினார். சுயமரியாதை இயக்கத்தின் ஈரோட்டுத் திட்டம் 1932-ல் உருவாகியதில் அவர்க்குப் பெரும் பங்குண்டு. ‘புது உலகம்’ என்னும் பத்திரிகையையும் நடத்தினார். 1945-ல், எண்பத்தைந்து வயதில், தள்ளாமையையும் பொருட்படுத்தாது அச்சுத் தொழிலாளர் கூட்டத்திற் சென்று பேசினார். 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் உயிர் நீத்தார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டிடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் கண்ட கனவு பின்னர் நனவாயிற்று. 1974 மே மாதம் இரயில்வேத் தொழிலாளர் நாடெங்கும் ஒன்றாய் வேலையை விட்டு இருபது நாட்கள் நின்றனர். 1982 ஜனவரி 19-லும், அதன்பின் பன்முறையும் அகில இந்திய வேலை நிறுத்தங்கள் நிகழ்ந்தன. 2025 ஜூலை 9-ஆம் நாள் மத்தியத் தொழிற்சங்கங்கள், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புக்களைத் திரும்பப் பெற வேண்டுமென நாடு தழுவி வேலை நிறுத்தஞ் செய்தன. இவற்றாற் பொதுமக்கள் அடையும் இன்னலை நாம் மறைக்கவில்லை. கூலிக்காரன் ஒரு நாட்கூலி இழப்பான். நோயாளி வண்டிக்குக் காத்திருப்பான். ஆகவேதான், ஏன் வேலையை விடுகின்றோம் என்பதை எல்லார்க்கும் விளங்க எடுத்துச் சொல்லுங் கடமை சங்கத்தாரைச் சார்ந்தது. அதனைப் பொறுமையோடு கேட்டு ஆராயுங் கடமை நம்மைச் சார்ந்தது. சிங்காரவேலர் தம் பத்திரிகைகளாலும் கூட்டங்களாலும் செய்த பணி அவ்விளக்கமே. ஒரு நாள் வேலை நிறுத்தத்துக்குப் பல்லாண்டுப் பிரசாரம் வேண்டும்; சாதிப் பிரிவினை ஒழிய வேண்டும்; நெறி தவறாமை வேண்டும். 1921-ம் 1922-ம் 1928-ம் கற்பித்தவை இவையே.

மாணவ நண்பர்களே! நாம் அமரும் வகுப்பறைகள் வேறு; அவர் அமர்ந்தவை வேறு. ஆயினும் கல்லூரி ஒன்றே. அங்கே பெற்ற கல்வியை அவர் ஆலைத் தொழிலாளரிடமும் இரயில்வேத் தொழிலாளரிடமும் கொண்டு சென்று சேர்த்தார். அடுத்த முறை நிலைய வாயிலில் ஒருவர் நம் கையில் ஒரு தாளைக் கொடுக்கும்போது, அதனை நின்று படிப்போமாக. உடன்படுதலும் மறுத்தலும் பின்னர் ஆகுக. சிங்காரவேலருக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் மரியாதை அதுவேயாகும்.