இணைகோடுகளால் நொந்துபோன ராணுவ அதிகாரி: யார் இந்த யானோஷ் போயாய்?

பேப்பரில் ஒரு நேர்கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக, முதல் கோட்டை எங்கேயும் வெட்டாத கோடுகள் எத்தனை போடலாம்? ஸ்கூலில் படித்த பதில்: ஒன்றே ஒன்று. அதுதான் இணைகோடு.

சிக்கல் என்னவென்றால், சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு யூக்ளிட் இதை நிரூபிக்கவில்லை. இதற்குச் சமமான ஒன்றை ஐந்தாவது எடுகோளாக அப்படியே வைத்துக்கொண்டார். மற்ற நான்கை வைத்து இதை நிரூபிக்கப் பலர் முயன்று தோற்றார்கள். அவர்களில் ஒருவர் ஹங்கேரிய கணித ஆசிரியர் ஃபர்கஷ் போயாய்.

அப்பா பேச்சைக் கேட்காத மகன்

அவருடைய மகன்தான் யானோஷ். 1802-ல், இன்றைய ருமேனியாவில் உள்ள க்ளூஜ் நகரில் பிறந்தார். வியன்னாவில் ராணுவப் பொறியியல் படித்தார். மகனும் அதே கணக்கில் இறங்கியது தெரிந்ததும் அப்பா பதறிப்போனார். தன் நிம்மதியைக் கெடுத்த விஷயம் இது, விட்டுவிடு என்று கடிதத்தில் கெஞ்சினார்.

மகன் விடவில்லை. நிரூபிப்பதற்குப் பதிலாக, கேள்வியையே திருப்பிப் போட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் இருந்தால் என்ன ஆகும்? எந்த முரண்பாடும் கண்ணில் படவில்லை. முக்கோணத்தின் கோணங்கள் 180 டிகிரிக்குக் குறைவாக வரும் ஒரு புது வடிவியலே கிடைத்தது. 1823-ல் அப்பாவுக்கு இதை எழுதியபோது அவருக்கு வயது 20.

உடைத்துப்போட்ட ஒரு கடிதம்

1832-ல், அப்பாவின் புத்தகத்துக்குப் பின்னிணைப்பாக அது வெளியானது. 30 பக்கம்கூட இல்லை. அப்பா அதைத் தன் பழைய நண்பரும் ஐரோப்பாவின் பெரிய கணித மேதையுமான காஸுக்கு அனுப்பினார். இதைப் பாராட்டினால் தன்னையே பாராட்டிக்கொள்வது போலாகும், ஏனென்றால் இதெல்லாம் தான் முன்பே யோசித்ததுதான் என்று பதில் வந்தது. காஸ் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. வேறொரு நண்பரிடம் அவர் யானோஷை மேதை என்று புகழ்ந்தது யானோஷுக்குத் தெரியாது.

யானோஷ் நொறுங்கிப்போனார். அடுத்த ஆண்டே உடல்நிலை காரணமாக ராணுவத்திலிருந்து ஓய்வு. 1848-ல் இன்னொரு அடி: ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி இதையே 1829-லேயே வெளியிட்டிருந்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிய யானோஷ், அந்தப் பின்னிணைப்புக்குப் பிறகு எந்தக் கணித நூலும் வெளியிடாமலேயே 1860-ல் இறந்தார்.

இப்போது ஏன் முக்கியம்?

தட்டையான பேப்பரில் ஸ்கூல் பதில் இன்றும் சரிதான். ஆனால் வெளி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதைக் காட்டியவர்களில் யானோஷ் ஒருவர். அந்தச் சிந்தனை வழியில் வளர்ந்த வளைந்த வெளியின் கணிதம்தான், 1915-ல் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலுக்குக் கைகொடுத்தது. அவர் பிறந்த க்ளூஜ் நகரின் பல்கலைக்கழகம் இன்று போயாய் பெயரையும் தாங்கி நிற்கிறது.