இங்க்ஜெட்டின் பாட்டனார்

கெல்வின் என்றால் நமக்கு வெப்பநிலை அலகுதான். எனக்கோ அவர் மைக்காரர். 1824ல் பெல்ஃபாஸ்டில் வில்லியம் தாம்சனாகப் பிறந்தார். 22 வயதில் கிளாஸ்கோவில் பேராசிரியர். 1858ல் போட்ட அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி சில வாரத்தில் செத்துப்போச்சு. மனுஷன் விடல, 1866ல் கம்பி பேசியது. ஆனால் வந்து சேரும் மின்சாரம் ரொம்ப நலிவு. பேனா காகிதத்தில் உரசினாலே நின்றுவிடும். 1867ல், மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் மைக்கு மின்னேற்றி, காகிதத்தைத் தொடாமல் துளித்துளியாகத் துப்ப வைத்தார்.

பேரிகையிலிருந்து ஓசூருக்குப் பயிற்சிக்குப் போனால், பாக்கெட்டில் தேதி அடிக்கும் மெஷினிலும் மின்னேற்றிய துளிதான். நாசில் அடைத்தால் ஊசியால் குத்தாதீங்க. துவாரம் சிதைந்தால் துளி கோணலாப் போகும், ஹெட்டே போச்சு! அந்த மைக்குரிய கரைப்பானில் ஊறவைத்து, நூல் பிரியாத துணியால் ஒற்றினால் போதும்.

53 வருஷம் பாடம் நடத்தி 1899ல் ஓய்வு பெற்றவர், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பெயர் பதிந்தார். 1907ல் மறைந்தார்.