கத்தரிக்காய் அல்லாத கத்தரிக்காய்

தமிழர் இல்லங்களில் கூட்டும் சாம்பாரும் சமைக்க உதவும் காய்களுள் பெங்களூர்க் கத்தரிக்காயும் ஒன்று. சௌசௌ என்பது அதன் மற்றொரு பெயர். கன்னட மக்கள் அதனைச் சீமைக் கத்தரிக்காய் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். ஆயினும் அது கத்தரி இனத்தைச் சேர்ந்தது அன்று. வெள்ளரி, பூசணி, பாகல் ஆகியவற்றின் உறவினம். அதன் தாயகமும் பெங்களூர் அன்று. கடல்களுக்கு அப்பாலுள்ள மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும். அதனை இந்நகரில் அறிமுகப்படுத்தியவர் ஜான் கேமரன் என்று பெங்களூரின் தோட்டக்கலை வரலாறு கூறுகிறது.

கேமரன் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்தவர். 1874ஆம் ஆண்டு லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். ஐதர் அலி 1760ஆம் ஆண்டு தொடங்கிய அத்தோட்டம், அப்போது 45 ஏக்கர் பரப்பே உடையது. கேமரன் காலத்தில் அது ஏறத்தாழ நான்கு மடங்காக விரிந்தது. புகழ்பெற்ற கண்ணாடி மாளிகைக்கு 1889ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்றதும் அவர் காலத்திலேயே ஆகும்.

அழகுக்காக மட்டும் அவர் தோட்டத்தைப் பேணவில்லை. உணவுக்கும் தொழிலுக்கும் பயன்படும் அயல்நாட்டுப் பயிர்களை வரவழைத்து, அவை இம்மண்ணில் தழைக்குமா என்று சோதித்தார். அவ்வாறு வந்து தழைத்தவற்றுள் ஒன்றே சௌசௌ.

இக்காயின் இயல்பு வியப்புக்குரியது. ஒரு காயில் ஒரே விதைதான் இருக்கும். அவ்விதை காயின் உள்ளேயே முளைவிடும். ஆதலால் விதையைப் பிரித்து உலர்த்திச் சேமிக்கும் வழக்கம் இல்லை. முழுக் காயையே மண்ணில் நடுவர். உயிருள்ள காயாகவோ கொடியாகவோ நெடுந்தொலைவு கொண்டுவந்தால்தான் இது புதிய நிலத்தில் வேரூன்றும்.

மைசூர், குடகுப் பகுதிகளின் காட்டு மரங்களைப் பற்றியும் கேமரன் நூல் எழுதினார். 1908ஆம் ஆண்டு அவருக்குப் பின், ஜெர்மானியரான கிரும்பிகல் லால்பாக் பொறுப்பை ஏற்றார்.

சாம்பாரில் சேரும் தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. கத்தரியோ நம் நாட்டில் தொன்றுதொட்டு விளைவது. கடல் கடந்து வந்த சௌசௌவுக்கு நம் நாட்டுக் காயின் பெயரும், அது வேரூன்றிய நகரின் பெயரும் ஒருங்கே அமைந்தன. இன்று சந்தையில் அதனை அயலார் காய் என்று எவரும் எண்ணுவதில்லை.

சொற்பொருள்
தாயகம் – பிறந்த இடம்
பேணுதல் – காத்து வளர்த்தல்
ஒருங்கே – ஒருசேர